ஒரு பக்கம் காட்ட எத்தனை குவெரி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெப் அப்ளிகேஷன் எழுதக் கற்பவர்களுக்காகத் தமிழில் அறிமுகக் கட்டுரைகள் பெருகியிருப்பது மகிழ்ச்சி. டேபிள் உருவாக்குவது, ஒரு வரியைச் சேர்ப்பது, திருத்துவது, நீக்குவது எல்லாம் அவற்றில் தெளிவாகவே சொல்லப்படுகின்றன. ஆனால் ஒன்றோடொன்று தொடர்புள்ள டேபிள்களிலிருந்து தகவலை எடுத்து ஒரே பக்கத்தில் காட்டும் கட்டம் வந்ததும், டேபிள்களின் வரிகளைப் பொதுவான எண்ணைக் கொண்டு இணைக்க 'ஜாயின் என்று ஒன்று உண்டு' என ஓர் உதாரணத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். வேலை தொடங்குவதே அங்கேதான். பக்கம் இழுத்துக்கொண்டு கிடப்பதும், மொத்தத் தொகை தப்பாக வருவதும், பட்டியலில் சிலர் காணாமல் போவதும் அந்தக் கட்டத்தில்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் தந்து வெளியிட வேண்டுகிறேன்.

நான்கு டேபிள்களை எடுத்துக்கொள்வோம்: வாடிக்கையாளர்கள், ஆர்டர்கள், ஆர்டரில் உள்ள பொருள்கள், வந்த பேமென்ட்கள். ஓர் ஆர்டருக்கு ஒரே வாடிக்கையாளர். பொருள்களும் பேமென்ட்களும் பல இருக்கலாம். திரையில் வேண்டியது 50 ஆர்டர்களின் பட்டியல்: ஆர்டர் எண், தேதி, வாடிக்கையாளர் பெயர், எத்தனை பொருள், மொத்தத் தொகை, இதுவரை கட்டிய தொகை. தகவலை இப்படித் தனித்தனி டேபிள்களில் வைத்து, எண்ணைக் கொண்டு சேர்த்துக்கொள்ளும் முறைக்கு எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரைதான் அடித்தளம். ஒரே தகவல் நான்கு இடத்தில் கிடந்து நான்கு விதமாக மாறிப்போகாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திரையில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்க வேண்டும்; அந்தச் சேர்க்கும் வேலை குவெரி (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) எழுதுபவர் தலையில் விழுகிறது.

எழுத உட்காரும் முன் முடிவு செய்ய வேண்டியது, திரையில் ஒரு வரி என்றால் எது என்பதை. இங்கே ஓர் ஆர்டர்தான் ஒரு வரி. பொருள் எத்தனை இருந்தாலும், பேமென்ட் எத்தனை வந்திருந்தாலும் அவை அந்த ஒரு வரிக்குள் சுருங்கி வர வேண்டும். இதை முடிவு செய்யாமலே ஜாயின் எழுதத் தொடங்குவதால்தான் கீழே சொல்லப்போகும் பிழைகளில் பல வருகின்றன.

எங்கும் காணப்படும் கோளாறு, லூப்புக்குள் குவெரி. முதல் குவெரி 50 ஆர்டர்களைக் கொண்டுவருகிறது. பக்கத்தை வரையும் டெம்ப்ளேட் ஒவ்வோர் ஆர்டராகச் சுற்றி வாடிக்கையாளர் பெயரைக் கேட்கிறது, 50 குவெரி. பொருள் விவரத்துக்கு இன்னொரு 50, பேமென்ட்டுக்கு மற்றொரு 50. ஆக மொத்தம் 151. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு வரியைப் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உரிய தனி எண்) வைத்து எடுக்கிற குவெரி, ஒரு மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். நேரம் போவது போய்வரும் வழியில். அப்ளிகேஷனும் தரவுத்தளமும் வெவ்வேறு மெஷினில் இருந்து, ஒரு முறை போய்வர 5 மில்லி செகண்ட் பிடித்தால், 151 முறைக்கு 755 மில்லி செகண்ட். பக்கத்தை வரைவதற்கு முன்பே முக்கால் செகண்ட் போய்விட்டது. எழுதியவர் மெஷினில் தரவுத்தளமும் பக்கத்திலேயே இருக்கும், சோதனை ஆர்டர்களும் பத்துக்கு மேல் இருக்காது. 31 குவெரியும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடுவதால் அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. 'ஸ்லோ குவெரி லாக்'கைத் திறந்தாலும் ஒன்றும் சிக்காது. அதில் தனியொரு குவெரி மெதுவாக ஓடினால்தான் பதிவாகும். இங்கே எல்லாமே வேகமாக ஓடுகின்றன, எண்ணிக்கைதான் அதிகம்.

இது கண்ணில் படாததற்கு ஓஆர்எம் (டேபிள் வரிகளை நிரலில் ஆப்ஜெக்ட்களாகக் காட்டி, குவெரியைத் தானே எழுதிக்கொள்ளும் கருவி) ஒரு காரணம். ஆர்டர், ஒரு புள்ளி, வாடிக்கையாளர், ஒரு புள்ளி, பெயர் என்று எழுதினால் பார்ப்பதற்கு ஒரு மாறியைப் படிப்பது போலத்தான் இருக்கும். அந்த முதல் புள்ளியில் ஒரு குவெரி கிளம்பிப் போகிறது. ஓஆர்எம்மை விட்டுவிடச் சொல்லவில்லை. தேவைப்படும் உறவுகளை முன்கூட்டியே கேட்டு வாங்கும் வசதி பரவலாகப் பயன்படும் ஓஆர்எம்களில் இருக்கிறது. ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்', 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்' என இரண்டு, ரெயில்ஸில் 'இன்க்ளூட்ஸ்', லாரவெல்லில் 'வித்', என்டிட்டி ஃபிரேம்வொர்க்கில் 'இன்க்ளூட்'.

எதை எங்கே போடுவது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. எதிர்ப்பக்கம் ஒன்றே ஒன்றுதான் என்றால் (ஆர்டருக்கு வாடிக்கையாளர்) ஜாயின். வரி பெருகாது, ஒரே பயணத்தில் வேலை முடியும். எதிர்ப்பக்கம் பல என்றால் (ஆர்டருக்குப் பொருள்கள்) தனிக் குவெரி: கையில் உள்ள 50 ஆர்டர் எண்களை 'இன்' பட்டியலில் கொடுத்து, அவற்றின் பொருள்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் வாங்கி, நினைவகத்தில் ஆர்டர் எண் வாரியாகப் பிரித்துக்கொள்வது. 'செலக்ட் ரிலேட்டட்' முதல் வகை, 'பிரீஃபெட்ச் ரிலேட்டட்' இரண்டாம் வகை. நம் பட்டியலுக்கு ஆர்டரும் வாடிக்கையாளரும் ஒன்று, பொருள்கள் ஒன்று, பேமென்ட்கள் ஒன்று, ஆக மூன்றே குவெரி. 151 எங்கே, மூன்று எங்கே!

இதிலும் வழுக்கும் இடங்கள் உண்டு. ஜாங்கோவில் பொருள்களை முன்கூட்டியே வாங்கிவிட்டு, லூப்புக்குள் அவற்றின் மேல் 'ஃபில்டர்' போட்டால், வாங்கி வைத்ததை ஒதுக்கிவிட்டு மறுபடி தரவுத்தளத்துக்கே ஓடும். வடிகட்டலை 'பிரீஃபெட்ச்' ஆப்ஜெக்ட்டிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வாங்கியதைச் சாதாரண லிஸ்ட்டாக வடிகட்ட வேண்டும். ரெயில்ஸில் 'கவுன்ட்' எப்போதும் புதிய குவெரி. 'சைஸ்' என்றால் ஏற்கெனவே வாங்கியிருந்தால் அதையே எண்ணும். ஒரு சொல் மாறியதற்கே 50 குவெரி திரும்பி வந்துவிடும். 'இன்' பட்டியலுக்கும் நீள வரம்பு உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு குவெரிக்கு 2100 பாராமீட்டர் (குவெரியோடு தனியாகக் கொடுக்கும் மதிப்பு) வரைதான். ஆரக்கிளின் பழைய பதிப்புகளில் பட்டியலில் 1000 மதிப்புக்கு மேல் போனால் பிழை. திரைக்கு 50 வரி காட்டும்போது இது குறுக்கே வராது. அதே நிரலை ஏற்றுமதி ரிப்போர்ட்டுக்குப் பயன்படுத்தும்போது வரும்.

குவெரி எண்ணிக்கையைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. டெஸ்ட்டில் எழுதிவிடலாம். ஜாங்கோவில் 'அசெர்ட் நம் குவெரீஸ்' அதற்கென்றே இருக்கிறது. ரெயில்ஸில் 'ஸ்ட்ரிக்ட் லோடிங்', லாரவெல்லில் 'பிரிவென்ட் லேசி லோடிங்' ஆகியவை முன்கூட்டிக் கேட்காத உறவைத் தொட்டாலே பிழை எறியும். 5 ஆர்டரோடு ஒரு முறை, 50 ஆர்டரோடு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும். குவெரி எண்ணிக்கை மாறவே கூடாது. மாறினால் எங்கோ லூப்புக்குள் ஒன்று ஒளிந்திருக்கிறது.

சரி, குவெரியைக் குறைக்கத்தானே வேண்டும், நான்கு டேபிளையும் ஒரே ஜாயினில் கட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். இங்கேதான் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. மெதுவான பக்கத்தைப் பார்த்து யாராவது குறை சொல்வார்கள். தப்பான தொகையை நம்பிக் கணக்கையே முடித்துவிடுவார்கள்.

17ஆம் எண் ஆர்டரை நெருங்கிப் பார்ப்போம். அதில் மூன்று பொருள்கள்; தொகை 200, 200, 100. மொத்தம் 500. இரண்டு தவணையாகப் பணம் வந்திருக்கிறது: 300, 200. அதுவும் 500. பாக்கி இல்லை. இப்போது ஆர்டரோடு பொருள்களையும் பேமென்ட்களையும் ஒரே குவெரியில் ஜாயின் செய்கிறோம். பொருளுக்கும் பேமென்ட்டுக்கும் நேரடி உறவு கிடையாது, இரண்டுக்கும் ஆர்டர் எண்தான் பொது. ஆகவே ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு பேமென்ட்டோடும் சோடி சேரும்: 3 பெருக்கல் 2, ஆறு வரி. அதன் மேல் 'சம்' போட்டால் பொருள் தொகை 1000 என்று வரும், கட்டிய தொகை 1500 என்று வரும். 500 கூடுதலாகக் கட்டியிருக்கிறார் என்று திரை சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது. பேமென்ட் ஒன்று மட்டுமே உள்ள ஆர்டர்களில் பொருள் தொகை சரியாக வரும். பொருள் ஒன்று மட்டுமே உள்ளவற்றில் கட்டிய தொகை சரியாக வரும். அதனால்தான் சோதனையில் இது தப்பித்துவிடுகிறது.

தப்பு தெரிந்ததும் பலர் செய்வது, ஒரே மதிப்பு மறுபடி வந்தால் ஒரு முறை மட்டும் எடுக்கும் 'டிஸ்டிங்க்ட்' சேர்ப்பது. எண்ணிக்கைக்கு அது உதவும்: பொருள் எண்ணை 'டிஸ்டிங்க்ட்' வைத்து எண்ணினால் 3 சரியாக வரும். தொகைக்கு உதவாது. 200, 200, 100 என்பதில் ஒரே மதிப்பு இரண்டு முறை வருவதால் ஒன்றைத் தள்ளிவிட்டு 300 என்று காட்டும். பேமென்ட் பக்கம் 300, 200 வேறு வேறு மதிப்பு என்பதால் தற்செயலாக 500 என்று சரியாக வரும். ஒரு புலம் சரி, பக்கத்துப் புலம் தப்பு. இதைக் கண்டுபிடிப்பது முந்தையதைவிடக் கடினம். குவெரியில் ஏன் 'டிஸ்டிங்க்ட்' இருக்கிறது என்று கேட்டு, 'அது இல்லாவிட்டால் இரண்டிரண்டாக வருகிறது' என்பது மட்டுமே பதிலானால், அந்த ஜாயினை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சரியான வழி, கூட்டிவிட்டுச் சேர்ப்பது. பொருள்கள் டேபிளை ஆர்டர் எண் வாரியாக 'குரூப் பை' செய்து எண்ணிக்கையும் தொகையும் எடுக்கும் ஓர் உள் குவெரி. பேமென்ட்டுக்கு அதே போல இன்னொன்று. இரண்டும் ஆர்டருக்கு ஒரு வரிக்கு மேல் தராது. அவற்றை ஆர்டரோடு 'லெஃப்ட் ஜாயின்' (எதிர்ப்பக்கம் பொருந்தும் வரி இல்லாவிட்டாலும் ஆர்டரை விடாத ஜாயின்) செய்தால் வரி பெருக வழியே இல்லை. பேமென்ட் வராத ஆர்டருக்கு 'நல்', அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, வரும். அதை 'கோயலெஸ்' கொண்டு 0 ஆக்கிவிட வேண்டும், இல்லையென்றால் மொத்தத்திலிருந்து நல்லைக் கழித்துப் பாக்கியும் நல் ஆகிவிடும். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: திரைக்கு வேண்டியது 50 ஆர்டர், உள் குவெரியோ பத்து லட்சம் பொருள் வரிகளையும் கூட்டிக்கொண்டிருக்கக் கூடும். காட்டப்போகும் 50 எண்களை முதலில் முடிவு செய்து, உள் குவெரியையும் அந்த எண்களோடு கட்டுப்படுத்துவது நல்லது.

பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும்போதும் இந்தப் பெருக்கம் வந்து நிற்கும். பொருள்களோடு ஜாயின் செய்துவிட்டு 'லிமிட் 20' போட்டால், அந்த 20 என்பது ஜாயினில் வந்த வரிகளின் கணக்கு. ஆர்டருக்கு ஐந்து பொருள் என்றால் திரையில் நான்கே ஆர்டர் வரும். பொருள் எண்ணிக்கை ஆர்டருக்கு ஆர்டர் மாறினால், கடைசி ஆர்டரின் பொருள்கள் பாதியில் வெட்டுப்படவும் செய்யும். ஜாவாவின் ஓஆர்எம்மான ஹைபர்நேட்டில் இந்தச் சேர்க்கையை எழுதினால், அது தரவுத்தளத்திலிருந்து எல்லா வரிகளையும் வாங்கி நினைவகத்தில் வைத்துப் பக்கம் பிரிக்கும். லாகில் ஓர் எச்சரிக்கை மட்டும் விழும். அந்த எச்சரிக்கையைப் படிப்பவர்கள் குறைவு. ஆர்டர் எண்களுக்கு மட்டும் லிமிட் போட்டு எடுத்து, அவற்றின் பொருள்களை இரண்டாவது குவெரியில் வாங்குவதுதான் நேர்வழி.

வரிசைப்படுத்தும்போது தேதியை மட்டும் நம்பக் கூடாது. ஒரே நொடியில் இரண்டு ஆர்டர் பதிவாகியிருந்தால் அவற்றில் எது முன், எது பின் என்பதற்குத் தரவுத்தளம் உத்தரவாதம் தராது. முதல் பக்கத்தின் கடைசியில் வந்த ஆர்டர் இரண்டாம் பக்கத்தின் தலையிலும் வரலாம், அதற்கு ஈடாக இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமலே போகலாம். தேதி, அடுத்து ஆர்டர் எண் என்று இரண்டையும் கொடுத்தால் தீர்ந்தது. 'ஆஃப்செட் 10000' என்றால் முன்னால் உள்ள 10000 வரிகளையும் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தரும். ஆழமான பக்கங்களுக்குப் போகப் போக மெதுவாவது அதனால்தான். கடைசியாகக் காட்டிய தேதியையும் எண்ணையும் நினைவில் வைத்து, 'இதற்கு அடுத்தவை' என்று கேட்டால், அந்தப் புலங்களுக்கு இன்டெக்ஸ் (வரியை விரைவாகத் தேட உதவும் அகவரிசை) இருக்கும்வரை எந்தப் பக்கமானாலும் ஏறக்குறைய ஒரே வேகம்.

பட்டியலில் ஆள் காணாமல் போகும் கதை வேறு. 'இன்னர் ஜாயின்' இரு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டுமே தரும். வாடிக்கையாளர் எண் காலியாக உள்ள ஆர்டர் பட்டியலிலிருந்தே போய்விடும். அதற்காக 'லெஃப்ட் ஜாயின்' போட்டுவிட்டு, கீழே 'வேர்' பகுதியில் 'பேமென்ட் நிலை வெற்றி' என்று ஒரு நிபந்தனை எழுதுகிறார்கள். பேமென்ட்டே இல்லாத ஆர்டரில் அந்தப் புலம் நல். நல் எதற்கும் சமம் ஆகாது. ஆகவே அந்த ஆர்டர் மறுபடி விழுந்துவிடும். எழுதியது லெஃப்ட் ஜாயின், நடப்பது இன்னர் ஜாயின். வலப்பக்க டேபிளைப் பற்றிய நிபந்தனையை, எதை வைத்து இணைப்பது என்று ஜாயினிலேயே சொல்லும் 'ஆன்' பகுதிக்குள் கொண்டுபோனால் ஆர்டர் நிற்கும். இதன் உறவுக்காரப் பிழை: லெஃப்ட் ஜாயினுக்குப் பிறகு 'கவுன்ட்'டுக்குள் நட்சத்திரக் குறி போடுவது. பொருளே இல்லாத ஆர்டருக்கும் ஒரு வரி இருக்கிறதே, அதை எண்ணி 1 என்று காட்டும். பொருளின் எண் புலத்தை எண்ணச் சொன்னால் 0 வரும். ஆர்டரே போடாத வாடிக்கையாளர்களைத் தேட 'நாட் இன்' போடுகிறவர்கள், உள்ளே ஒரே ஒரு நல் இருந்தாலும் விடை முழுக்கக் காலியாக வரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' எழுதினால் அந்தத் தொல்லை இல்லை.

ஒவ்வோர் ஆர்டருக்கும் கடைசியாக வந்த பேமென்ட்டை மட்டும் காட்ட வேண்டுமா? 'குரூப் பை'யோடு 'மேக்ஸ்' போட்டுத் தேதியை எடுக்கலாம். ஆனால் அந்தத் தேதிக்குரிய தொகையும் முறையும் கூடவே வராது. மைஎஸ்க்யூஎல் பழைய பதிப்புகள் அந்தக் குழுவிலிருந்து ஏதோ ஒரு வரியின் தொகையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தன, 5.7 முதல் அது இயல்பாகவே தடுக்கப்படுகிறது. அந்தத் தடையை நீக்கி வைத்து வேலையை ஓட்டுவது தப்பான தொகையை வரவேற்பதற்குச் சமம். ஆர்டர் எண் வாரியாகப் பிரித்து, தேதி, எண் இறங்குவரிசையில் 'ரோ நம்பர்' (1, 2, 3 என வரிசை எண்) கொடுத்து, 1 வந்ததை மட்டும் எடுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0இலிருந்து இந்த வசதி இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 2009இல் வந்த 8.4இலிருந்தே உண்டு.

இன்டெக்ஸ் பற்றிச் சுருக்கமாக. மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபியில் ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் வரியைச் சுட்டும் எண் புலம்) அறிவித்தால் அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸும் தானாக வரும். போஸ்ட்கிரெஸில் வராது, நாமே உருவாக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு டேபிளில் ஆர்டர் எண் இன்டீஜராகவும் மற்றதில் எழுத்தாகவும் இருந்தால், இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாமல் போகலாம். 'எக்ஸ்பிளெயின் அனலைஸ்' போட்டு, எத்தனை வரி வரும் என்று தரவுத்தளம் நினைத்தது, உண்மையில் எத்தனை வந்தது என்ற இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் கோளாறு எந்த ஜாயினில் என்று தெரியும். அது குவெரியை நிஜமாகவே ஓட்டும் என்பதை மறக்கக் கூடாது; போஸ்ட்கிரெஸில் நீக்கும் கட்டளைக்கு முன்னால் போட்டால் வரிகள் நீங்கிவிடும்.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கென்றே இரண்டு செய்திகள். பொருள் பெயர்களை ஒரே புலத்தில் காற்புள்ளியிட்டுக் காட்ட மைஎஸ்க்யூஎல்லில் 'குரூப் கான்கேட்' பயன்படுத்துவார்கள். அதன் நீளம் இயல்பாக 1024 பைட். எழுத்தைப் பைட்டாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். 'கொ' என்ற ஓரெழுத்தே ககரம், ஒகரக் குறி என இரண்டு குறியீடு, 6 பைட். ஆக 341 குறியீடுகளோடு பட்டியல் அறுந்துவிடும். ஆங்கிலப் பெயர்களோடு சோதித்தவருக்கு இது தெரியாது. திரையில் பாதிப் பெயரோடு பட்டியல் நின்றுபோகும், எச்சரிக்கை மட்டும் உள்ளே எங்கோ பதிவாகும். 'குரூப் கான்கேட் மேக்ஸ் லென்' அளவை உயர்த்த வேண்டும், அல்லது பெயர்களைத் தனிக் குவெரியில் வாங்கி அப்ளிகேஷனில் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, பெயரை வைத்து ஜாயின் செய்வது. அதே 'கொ'வை, ஒகரத்துக்கான ஒற்றைக் குறியைக் கொண்டும் எழுதலாம். எகரக் கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைட் பைட்டாக ஒப்பிடும் தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஜாயினில் பொருந்தாது, தேடலில் கிடைக்காது, அதே பெயர் பட்டியலில் இரண்டு முறை வரும். சேமிக்கும்போதே என்எஃப்சி (இப்படிப்பட்ட இரு எழுத்துமுறையையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். ஜாயினுக்கு எப்போதும் எண்தான்.

காட்டுவது யாருக்கு என்பதும் குவெரிக்குள் இருக்க வேண்டும். முகவரியில் 17 என்று இருப்பதை 18 என்று மாற்றி என்டர் தட்டினால் அடுத்தவர் ஆர்டர் திறந்துவிடக் கூடாது. 'ஆர்டர் எண் இது, வாடிக்கையாளர் எண் உள்ளே நுழைந்திருப்பவருடையது' என இரண்டு நிபந்தனையும் ஒரே குவெரியில் வர வேண்டும். பட்டியல் பக்கத்தில் இதைச் சரியாகச் செய்துவிட்டு, பொருள்களைத் தனியாகக் கொண்டுவரும் இணைப்பில் விட்டுவிடுகிறார்கள். அதே போல, எந்தப் புலத்தால் வரிசைப்படுத்துவது என்று முகவரியிலிருந்து வரும் பெயரைப் பாராமீட்டராகக் கொடுக்க முடியாது. அதை நேரே குவெரியில் ஒட்டினால் ஊடுருவலுக்கு வாசல் திறந்ததாகும். அனுமதித்த புலப் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்து, அதில் இருந்தால் மட்டும் பயன்படுத்த வேண்டும்.

பாடம் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். மாதிரித் தரவில் எல்லா ஆர்டருக்கும் அழகாக ஒரு வாடிக்கையாளர், ஒரு பொருள், ஒரு பேமென்ட் என்று கொடுக்காதீர்கள். பொருளே இல்லாத ஓர் ஆர்டர், ஒரே தொகையில் இரண்டு பொருளும் இரண்டு பேமென்ட்டும் உள்ள ஓர் ஆர்டர், வாடிக்கையாளர் எண் காலியாக உள்ள ஓர் ஆர்டர், ஒரே நொடியில் பதிவான இரண்டு ஆர்டர்கள், ஆர்டரே போடாத ஒரு வாடிக்கையாளர் ஆகியோரைச் சேர்த்துக் கொடுங்கள். தொகை, எண்ணிக்கை, விடுபடல் பிழைகள் அந்தச் சில வரிகளிலேயே பிடிபட்டுவிடும். வேகத்தைப் பார்க்க மட்டும் ஒரு லட்சம் வரிகளைச் செயற்கையாக உருவாக்கி, தரவுத்தளத்தை வேறு மெஷினில் வைத்து ஓட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தரவுத்தளப் பணியில் உள்ளவர்